‘இயற்கை வரலாறு’ என்னும் தொடர்: பூண்டுலோயாப் பல்லாய்வு குறித்து ஒரு விமரிசனம்

இலக்கிய விமரிசனத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர், ஒரு நூலை வாசிக்கும்போது கேட்க வேண்டிய சில வினாக்களைக் கற்றுக்கொள்கின்றனர். இது யாருக்காக எழுதப்பட்டது? பேசுபவர் யார், பேசப்படுபவர் யார்? எது சொல்லப்பட்டது, எது சொல்லாது விடப்பட்டது? இவ்வினாக்கள் கதைக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியன என்று நாம் பெரும்பாலும் கருதிவிடுகின்றோம். விஞ்ஞானச் சஞ்சிகைகளில் வரும் ஆய்வுக்கட்டுரைகளை அவ்வத்துறை வல்லுநருக்கு விட்டுவிடுவதே முறையென எண்ணுகின்றோம். ஆயின் ஆய்வுக்கட்டுரையும் மனிதரைப் பற்றி மனிதர் எழுதும் எழுத்தேயாகும். அதிலும், எழுதப்படுவோர் நம் தந்தையரும் பாட்டன்மாருமாக இருக்கும்போது, அதனை வாசிப்பது நமக்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

அவ்வாறு வாசிக்கப்பட வேண்டிய ஓர் ஆய்வு, உலகெங்குமுள்ள பல் மருத்துவ மாணவர் தம் பாடநூல்களில் தவறாது சந்திப்பதாகும். அதன் களம் நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவை அடுத்த டன்சினன், ஹெரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்கள். நோர்வே நாட்டவரான பேராசிரியர் ஹரால்ட் லோ தம் துணைவருடன் 1970 ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். உலகம் அறிந்த அவ்வாய்வை மலையகத்தில் அறிந்தோர் மிகச் சிலரே. இவ்வறியாமையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. பல் மருத்துவத்தின் உண்மை பொய்களை ஆராய்வது கலைப்பீட மாணவனாகிய எனக்கு இயலாதது. அது என் நோக்கமுமன்று. அவ்வாய்வு எழுதப்பட்ட முறையையும், அதனை வெளியிட்ட ஆய்விதழ்களின் பொறுப்பையும், அவற்றினின்று நாம் கற்க வேண்டியதையும் நோக்குவதே என் எண்ணம்.

ஆய்வும் அதன் பேறும்

முதலில் செய்தியைச் சுருக்கமாகக் காண்போம். முரசு நோய், அதாவது தோட்டத்தார் ஈறு என வழங்கும் பகுதியிலும் பல்லைத் தாங்கும் எலும்பிலும் உண்டாகும் நோய், சிகிச்சை எதுவுமின்றி விடப்படின் எவ்வாறு வளரும் என்பதே ஆய்வாளரின் வினா. இதற்கென இரு கூட்டத்தினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். முதற் கூட்டத்தினர் ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளருமான 565 ஆடவர். 1969 இல் முதன்முதலாகப் பரிசோதிக்கப்பட்டனர். பாலர் பருவந் தொட்டே ஆண்டுதோறும் பல் மருத்துவக் கவனிப்புக் கிடைக்கும் நகரம் என்பதனாலேயே ஒஸ்லோ தெரிவாயிற்று. இரண்டாம் கூட்டத்தினர் நம் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர். தொடக்கத்தில் அவர்களது வயது 14 முதல் 31 வரை. அத்தகைய கவனிப்பு ஒருபோதும் கிடைக்காதவர்கள் என்பதனாலேயே அவர்கள் தெரிவாயினர்.

பூண்டுலோயாத் தொழிலாளரின் வாய்கள் 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் பரிசோதிக்கப்பட்டன. பல்லின் வேரைச் சுற்றிப் பற்றியிருக்கும் இழையம் எவ்வளவு கீழிறங்கிற்று என்பது, அளவு பொறித்த மெல்லிய கம்பியினால் மில்லிமீற்றர்க் கணக்கில் அளக்கப்பட்டது. இறுதிப் பரிசோதனையின்போது தொடக்கத்திலிருந்தோருள் 161 பேர் எஞ்சியிருந்தனர். லோ, ஆனெருட், போய்சன், மொரிசன் ஆகியோர் 1986 இல் வெளியிட்ட கட்டுரை இத்தொழிலாளரை மூன்று வகுப்பினராகப் பிரித்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரிடம் நோய் மிக விரைந்து வளர்ந்தது. 81 பேரிடம் மிதமாக வளர்ந்தது. 11 பேரிடம் முரசு அழற்சிக்கு அப்பால் அது செல்லவேயில்லை. எல்லோருடைய பற்களிலும் அழுக்குப் படலமும் காரையும் படிந்திருந்தும், எல்லோரும் ஒரே வகையில் நோயுறவில்லை. அழுக்கு மட்டுமே நோயின் கதியை நிர்ணயிப்பதில்லை என்னும் உண்மை இதனால் துலங்கியது. பல் மருத்துவச் சிந்தனையை மாற்றிய முடிவு இது என்பதில் ஐயமில்லை.

இனி அதே முடிவை மற்றொரு பக்கமிருந்து நோக்குவோம். விரைந்து நோயுற்ற வகுப்பினர் இருபது வயதளவிலேயே பல்லிழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்து வயதில் பன்னிரண்டு பற்களும் நாற்பது வயதில் இருபது பற்களும் போயின. நாற்பத்தைந்து வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. மிதமாக நோயுற்றோரும் நாற்பத்தைந்து வயதில் சராசரி ஏழு பற்களை இழந்திருந்தனர். இவர்களிடையே பற்சூத்தை ஏறத்தாழ இல்லாதிருந்தமையால் பல்லிழப்புக்கு முரசு நோயே காரணமாயிற்று. ஒரு வரைபடத்தில் இவை சாய்ந்து இறங்கும் கோடுகள். லயத்தில் வாழும் ஒருவனுக்கோ, இவை இறைச்சியையும் கடலையையும் மெல்ல முடியாத, சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் ஆண்டுகள்.

முன்பே அறிந்திருந்தது

இவ்விடத்து ஒரு செய்தி சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. பூண்டுலோயாவுக்கு வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1965 இல், இதே லோ தம் துணைவருடன் டென்மார்க்கின் ஓகூஸ் நகரிற் செய்த ஒரு பரிசோதனையை வெளியிட்டிருந்தார். பன்னிருவர், பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர், பல் துலக்குவதை நிறுத்திவைத்தனர். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அவர்கள் அனைவரது முரசும் அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிற் சுகமாயிற்று. முரசு அழற்சிக்குக் காரணம் பல்லிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே என்பதும், அதனை நாள்தோறும் நீக்கின் அழற்சி தீரும் என்பதும் அன்றே நிறுவப்பட்டன. இன்று நாம் ஒவ்வொருவரும் காலையில் எதற்காகப் பல் துலக்குகின்றோம் என்பதற்கு விஞ்ஞானச் சான்று தந்தது அப்பரிசோதனையே.

ஓகூஸ் மாணவர் தமக்கு நேர்வது இன்னதென்று அறிந்த துறையினர்; அவர்களது நோய் மூன்று வாரத்துள் தொடங்கி உடனே தீர்க்கவும்பட்டது. பூண்டுலோயாத் தொழிலாளரோ பதினைந்து ஆண்டுகள் அளக்கப்பட்டனர். அவ்வாண்டுகள் முழுவதிலும் பல் நோய்த் தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றுக்கான எந்த ஏற்பாடும் அக்கூட்டத்தினரை எட்டவில்லை என்பதை 1986 ஆம் ஆண்டுக் கட்டுரையின் சுருக்கமே ஒரு சிறப்பாகக் குறிப்பிடுகின்றது. மருந்து இன்னதெனத் தெரியாத நோயைப் பார்த்திருப்பது வேறு. மருந்தின் ஒரு பாதியையேனும் தாமே கண்டறிந்தவர் பார்த்திருப்பது வேறு. இந்த வேறுபாட்டிலேயே நமது விமரிசனம் தொடங்குகின்றது.

‘இயற்கை’ என்னும் சொல்

அவ்வாய்வுக் கட்டுரைகளின் தலைப்பு, மனிதரிடத்து இந்நோயின் ‘இயற்கை வரலாறு’ என்பதாகும். மருத்துவத்தில் இது வழக்கமான ஒரு கலைச்சொல். சிகிச்சை குறுக்கிடாத நிலையில் ஒரு நோய் செல்லும் போக்கு என்பதே அதன் பொருள். கலைச்சொல் என்ற அளவில் அதிற் குற்றமில்லை. எனினும் சொற்கள் தாம் பிறந்த துறையின் எல்லைக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. ‘இயற்கை’ என்று கூறியவுடன், அந்நிலை மழைபோலும் மலைபோலும் தானே அமைந்தது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் எழுகின்றது. பூண்டுலோயாவிற் பல் வைத்தியர் இல்லாதிருந்தது இயற்கையா?

வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. வாக்கற்ற மக்களுக்கு வைத்தியசாலை கேட்டு எந்தப் பிரதிநிதியும் நாடாளுமன்றத்திற் குரலெழுப்ப வேண்டிய அவசியம் நேரவில்லை. அவர்களது சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில், டிஸ்பென்சரிக் கட்டிடத்தோடு நின்றுவிட்டது. இலங்கையில் நீண்ட காலம் ஒரேயொரு பல் மருத்துவக் கல்விக்கூடமே இருந்தது. அதுவும் பூண்டுலோயாவிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்று மீளக்கூடிய பேராதனையிலேயே இருந்தது. ஆகவே அத்தொழிலாளரின் வாய்க்குள் ஆய்வாளர் கண்டது இயற்கையின் வரலாறு மட்டுமன்று. ஓர் அரசியலின் வரலாறுமாகும்.

ஆய்வு நடைபெற்ற காலமும் அமைதியான காலமன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினிக்குள்ளாக்கியது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 இலும் 1983 இலும் இனவன்செயல்கள் நிகழ்ந்தன. இவையனைத்துக்கும் ஊடாக ஒப்பந்தக்காரர் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாரிற் கப்பலேறினர். 480 என்ற எண் 161 ஆகக் குறைந்ததை ஆய்வுமுறை நூல்கள் ‘இழப்பு’ என்று பதிவு செய்யும். அக்காலத்து மலையகத்தை அறிந்தவருக்கு அச்சொல் வேறொரு கனத்தோடு ஒலிக்கும்.

ஆய்வின் தொடக்க விவரணம் இத்தொழிலாளரை உள்ளூர் அளவுகோலின்படி ஆரோக்கியமான, நல்ல உடற்கட்டுடையவர்கள் என்கின்றது. பற்றூரிகை முதலியவற்றை அறியாதவர்கள் என்றும் கூறுகின்றது. ‘உள்ளூர் அளவுகோல்’ என்ற அடைமொழி சிந்தனைக்குரியது. ஒஸ்லோ மாணவரை விவரிக்க அத்தகைய அடைமொழி தேவைப்படவில்லை. அவர்களது அளவுகோலே அளவுகோல். தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் இன்மைகளால் விவரிக்கப்படுகின்றனர்: தூரிகை இல்லை, சிகிச்சை இல்லை, அறிவு இல்லை. எங்கள் வீட்டு முதியோர் அடுப்புக்கரியும் உப்பும் கொண்டு விரலாற் பல் விளக்கியதை நான் கண்டிருக்கின்றேன். அது போதுமானதன்று, ஆனால் இன்மையுமன்று.

இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. நாற்பது வயதிற் பல் ஆடுவதையும் விழுவதையும் தோட்டத்து மக்களும் இயல்பென்றே எண்ணினர். என் பாட்டனார் தம் கடைசிப் பல் விழுந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது வருத்தத்தோடு சொல்லவில்லை. வயது போனால் நடப்பதுதானே என்ற பாவனையிற் சொன்னார். அவருக்கு அது இயற்கையாகத் தோன்றியதற்குக் காரணம், வேறு விதமாகவும் இருக்கலாம் என்று கூற ஒருவருமில்லாமையே. ஆய்வாளருக்கோ ஒஸ்லோவின் எண்கள் கையிலிருந்தன. நாற்பது வயதை அணுகும் ஒஸ்லோவினரின் சராசரிப் பற்றிழப்பு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பூண்டுலோயாவினருடையது நாலரை மில்லிமீற்றர். இவ்விரு எண்களையும் ஒருங்கே அறிந்தவர் அது இயற்கையன்று என்பதை அறிந்தவராவர். இருவரும் ஒரே சொல்லை வழங்கலாம். ஆயின் ஒருவரிடம் அது அறியாமை, மற்றவரிடம் அது தெரிவு.

எதிர்வாதங்கள்

நியாயமான விமரிசனம் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ஆய்வாளர் எவருக்கும் நோயை உண்டாக்கவில்லை. அவர்கள் வந்திராவிடினும் அப்பற்கள் விழுந்தேயிருக்கும். தோட்ட மக்களுக்கு வைத்தியம் அளிப்பது அரசினதும் நிர்வாகத்தினதும் கடமை. நோர்வேயிலிருந்து வந்தவரின் கடமையன்று. சிகிச்சை அளித்திருந்தால் இவ்வறிவு கிடைத்திராது. இவ்வறிவினாற் பயன் பெற்றோர் உலகெங்கும் பலர். இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்களல்ல.

அன்றியும், இதனை அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வோடு ஒன்றாக்கிப் பேசுவதும் தவறாகும். அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை நடைபெற்ற அவ்வாய்வில் சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆடவர், நோயற்ற 201 பேருடன் ஒப்பிடப்பட்டு அவதானிக்கப்பட்டனர். அவர்கள் பொய் கூறி ஏமாற்றப்பட்டனர். பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பின்னரும் அது அவர்களை அடையாது தடுக்கப்பட்டது. அந்நோய் உயிர் கொல்வது. அத்தகைய குற்றச்சாட்டை யான் இங்கு முன்வைக்கவில்லை. சுவீடனின் விப்பெஹோம் மருத்துவமனையிற் போன்று, இனிப்பை ஊட்டிப் பற்சூத்தையை வரவழைத்ததும் இங்கு நிகழவில்லை. மனவளர்ச்சி குன்றிய நோயாளரிடம் 1940களிற் செய்யப்பட்ட அப்பரிசோதனையின் முடிவைத்தான் இன்றும் நாம், இனிப்பை அடிக்கடி உண்ணாதே என்று பிள்ளைகளுக்குக் கூறுகின்றோம்.

எனினும் ‘நாம் வராவிடினும் நடந்திருக்கும்’ என்ற வாதம் முதல் நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவரது வாயைத் திறந்து நோயை அளந்தபின் அளந்தவர் வெறும் பார்வையாளரல்லர். அளக்கும் கம்பி நோயைக் கண்டறியும் கம்பியுமாகும். 1971 இலும் 1973 இலும் எவரெவரது முரசு விரைந்து கீழிறங்குகின்றது என்பது தனித்தனியே குறிக்கப்பட்டது. அந்த வேளையில், இன்னாருக்கு இன்னது நேரப்போகின்றது என்று உலகில் அறிந்திருந்தவர் அளந்தவரே. அத்தொழிலாளியோ, அவனது குடும்பத்தாரோ, தோட்டத்து டிஸ்பென்சரோ அல்லர். அறிவு எங்கே தனித்து நிற்கின்றதோ அங்கே பொறுப்பும் தனித்து நிற்கின்றது. மேலும், தொடக்க நாளிலேயே 14 வயதினர் முதல் 31 வயதினர் வரை இருந்தமையால், வயதுக்கு வயது நோய் எவ்வாறு மிகும் என்பதன் பெரும்பகுதியை முதற் சில பரிசோதனைகளே உணர்த்தியிருக்கக்கூடும். மீதி அறிவு எத்தனை பற்களுக்கு ஈடு என்பது விஞ்ஞானம் தனித்து விடைகூறும் வினாவன்று.

அறிவின் பயன் பற்றியும் ஒன்று கூறல் தகும். 2010 இல் அத்தொழிலாளருள் எஞ்சிய 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு, நாற்பதாண்டு முடிவுகள் 2017 இல் வெளியாயின. முப்பது வயதளவிற் பற்றிழப்பு ஒரு குறிப்பிட்ட சிறிய அளவுக்குட்பட்டிருந்தவர் அறுபது வயதில் இருபது பற்களையேனும் தக்கவைத்திருப்பர் என்பது அவற்றுள் ஒன்று. முப்பது வயதுக்கு முன்னரே கவனிப்பு வேண்டும் என்னும் இப்பாடத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் டன்சினன், ஹெரோ தொழிலாளர்கள். அப்பாடம் அவர்களுக்குப் பயன்படும் வயதில் அவர்களை வந்தடையவில்லை.

ஆய்விதழின் பொறுப்பு

இதுவரை ஆய்வாளரைப் பற்றியே பேசினோம். ஆயின் ஓர் ஆய்வு அறிவாக மாறுவது அச்சிடப்படும்போதே. எனவே அச்சிடும் ஆய்விதழும் அதன் ஒழுக்கத்திற் பங்குடையது. இது பிற்காலத்தார் முற்காலத்தார் மீது சுமத்தும் அளவுகோலன்று. உலக மருத்துவச் சங்கம் 1964 இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனத்தை 1975 இல் டோக்கியோவிற் திருத்தியபோது இரு முக்கிய விதிகளைச் சேர்த்தது. பரிசோதனைத் திட்டத்தை ஆய்வாளர் சாராத ஒரு குழு ஆராய வேண்டும் என்பது ஒன்று. பிரகடனத்தின் நெறிகளுக்கு ஒவ்வாத பரிசோதனைகள் பற்றிய அறிக்கைகள் வெளியீட்டுக்கு ஏற்கப்படலாகாது என்பது மற்றொன்று. 1970 இல் விதி தெளிவாக இருக்கவில்லை என்று கூறலாம். பூண்டுலோயாவின் பல்லிழப்பு விகிதங்கள் அச்சேறிய 1978 இலும், மூன்று வகுப்புப் பகுப்பு அச்சேறிய 1986 இலும் அவ்வாறு கூற இயலாது. அந்த இடைவெளியில் டஸ்கீகி வெளிப்பட்டு உலகம் அதிர்ந்திருந்தது. 1974 இல் அமெரிக்கா அதற்கெனச் சட்டமும் இயற்றியிருந்தது. 1986 இல் லோ அவர்கள் அந்நாட்டின் தேசிய பல்லாராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார்.

1986 ஆம் ஆண்டுக் கட்டுரையின் சுருக்கம் நோயின் வேகத்தை மில்லிமீற்றரின் பின்னங்களிற் கூறுகின்றது. நோயுற்றவருக்கு என்ன கூறப்பட்டது என்பதை அது கூறவில்லை. இம்மௌனமே ஓர் இதழாசிரியரின் கண்ணில் முதலிற் படவேண்டியது. இவர்களது சம்மதம் எம்மொழியிற் பெறப்பட்டது? துரையும் கணக்கப்பிள்ளையும் ஏற்பாடு செய்த பரிசோதனைக்கு ‘வரமாட்டேன்’ என்று கூறும் வாய்ப்பு ஒரு தொழிலாளிக்கு உண்டா? பிரட்டுக்களத்திற் பெயர் கொடுக்கும் ஒழுங்கில் வாழ்பவரின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளலாமா? நோய் விரைந்து வளர்வதாகக் கண்டவருக்குச் சொல்லப்பட்டதா? இவ்வினாக்கள் மில்லிமீற்றர்களை விடக் குறைந்த விஞ்ஞானமல்ல.

இதழாசிரியரும் மதிப்பீட்டாளரும் கேளாதபோது வாசகர் கேட்கலாம். டஸ்கீகி ஆய்வின் முப்பதாண்டு அவதானிப்பு 1964 இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அதனை வாசித்த ஆயிரக்கணக்கான வைத்தியருள், டெட்ரொயிட் நகரத்து வைத்தியர் இர்வின் ஷாட்ஸ் என்பவர் 1965 இற் கட்டுரையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயனுள்ள சிகிச்சை இருக்கும்போது நோயாளரை மரணிக்க விட்டு அவதானிப்பது எங்ஙனம் தகும் என்பதே அதன் சாரம். அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் அவரிடம் இரகசிய ஆவணம் எதுவும் இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எல்லோரும் வாசித்த அதே அச்சுப் பக்கமே அவரிடமும் இருந்தது. ‘சிகிச்சையளிக்கப்படாத’ என்று தலைப்பிலேயே நின்ற சொல்லை அவர் சொல்லாக வாசித்தார். ஏனையோர் கலைச்சொல்லாக வாசித்தனர்.

இன்று நிலைமை மாறியுள்ளது. அறநெறிக் குழுவின் அனுமதி பெற்றதாக ஒரு வரி இல்லாமற் கட்டுரைகள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஆய்வின் முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்புப் பங்குபற்றியோருக்கு அளிக்கப்பட வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கித் திருத்தம் கூறுகின்றது. 2024 ஆம் ஆண்டின் திருத்தம், ஆய்வுக்குட்படுவோர் என்னும் பொருள்தரும் பழைய சொல்லை நீக்கிப் ‘பங்குபற்றுநர்’ என்ற சொல்லை ஏற்றது. சொல் மாறுவது சிறிய செயலன்று. ஆயின் அனுமதி வரி ஒரு சடங்காகிவிடும் அபாயமும் உண்டு. ‘அனுமதி பெறப்பட்டது’ என்பதோடு ‘திருப்பிக் கொடுக்கப்பட்டது இன்னது’ என்றொரு வரியையும் ஆய்விதழ்கள் கேட்டுப் பெறுமாயின் அது பெரும் மாற்றமாகும்.

1970 இல் எழுதப்பட்ட மற்றொன்று

பூண்டுலோயாத் தொழிலாளர் முதன்முதலாக அளக்கப்பட்ட அதே 1970 ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றிய இன்னுமொரு எழுத்து வெளியாயிற்று. அயலிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய ‘போர்ன் டு லேபர்’ என்ற நூலே அது. உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அத்தலைப்பின் பொருள். அதுவும் தொழிலாளரை அவதானித்த நூலே; அதுவும் அந்நிய மொழியிலேயே எழுதப்பட்டது. ஆயின் சி. வி. யின் பக்கங்களில் தோட்டத்து மக்கள் வாழ்க்கையும் நினைவும் உடைய மனிதராக நடமாடுகின்றனர். ஆய்வுக்கட்டுரையில் அவர்கள் வாயளவில் நின்றுவிடுகின்றனர். இரண்டும் வேறு துறைகள், வேறு தேவைகள் என்பதை மறுப்பதற்கில்லை. புள்ளிவிவரம் பெயர் கூறலாகாது என்பதும் நியாயமே. எனினும் எண்ணாக மாற்றுவோர் தாம் எதனை விட்டு எண்ணை எடுக்கின்றோம் என்பதை மறவாதிருக்க, சி. வி. போன்றோரின் எழுத்து அவர்களது மேசையில் இருப்பது நன்று.

நமக்குரிய பாடம்

பிறர் செய்தவற்றை விமரிசித்து நின்றுவிடுதல் எளிது. கடந்த ஆண்டு ஒரு பாடநெறித் தேவைக்காக, ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்துக்கு வினாக்கொத்துடன் சென்றிருந்தேன். மூன்றாம் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் வினாக்களுக்கெல்லாம் பொறுமையோடு விடையளித்தார். நான் எழுந்தபோது கேட்டார்: “போன வருசமும் நாலு புள்ளைங்க வந்து இதையேதான் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. அந்த எழுதினதெல்லாம் என்னாச்சுங்க தம்பி?” எனக்கு விடை தெரியவில்லை. அவை ஆய்வேடுகளாகக் கட்டப்பட்டு ஏதோவொரு அலுமாரியில் இருக்கும். எழுதியவர்கள் பட்டம் பெற்றிருப்பர். நானும் அவ்வாறே செய்ய இருந்தேன். தோட்டத்திற் பிறந்த நானே அவ்வாறு செய்யக்கூடுமாயின், கடல் கடந்து வந்தவரை மட்டும் குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

கொழுந்து பறிப்பவரிடமிருந்து கொழுந்து தொழிற்சாலைக்குச் செல்கின்றது. தேயிலையாகி ஏலத்துக்குச் செல்கின்றது. அதன் உயர்ந்த தரம் பறித்தவரின் கோப்பைக்குத் திரும்புவதில்லை. மலையகம் பற்றிய அறிவும் இவ்வழியிலேயே நெடுங்காலமாக ஏற்றுமதியாகி வந்துள்ளது. இதனை மாற்றப் பெரும் நிதி வேண்டியதில்லை. லயத்திற்குச் சென்று தகவல் திரட்டும் ஒவ்வொரு மாணவரும் தம் முடிவுகளை எளிய தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, அதே லயத்துக்கு மீண்டும் சென்று வாசித்துக் காட்டுவதைத் தமக்கு விதியாக்கிக்கொள்ளலாம். மறுக்கும் உரிமையை வினாக்கொத்தின் முதல் வரியிலேயே கூறலாம். துரையின் அனுமதியைத் தொழிலாளியின் சம்மதமாகக் கொள்ளாதிருக்கலாம். களத்தில் நோயையோ இடரையோ கண்டால் ஏட்டில் குறிப்பதற்கு முன் உரியவரிடம் கூறலாம். ஆய்வேடுகளை மதிப்பிடும் விரிவுரையாளர்கள் இவற்றுக்கும் புள்ளி வழங்கலாம்.

அம்மூதாட்டியிடம் எனது இரண்டு பக்கங்களுடன் நான் இரண்டு மாதங்களின் பின் சென்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தண்ணீர் வரிசை பற்றி நான் எழுதியிருந்த ஒரு செய்தி பிழையென்று திருத்தினார். அத்திருத்தமே என் ஆய்வேட்டிலுள்ள வாக்கியங்களில் நான் முழு மனத்துடன் நம்பும் வாக்கியம்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும் வள்ளுவர் நோயுற்றவனையே முதலிற் கூறுகின்றார். தீர்ப்பவனும் மருந்தும் அருகிருந்து உதவுபவனும் பின்னரே வருகின்றனர். அவ்வரிசையில் அளப்பவனுக்குத் தனியிடம் இல்லை. அளப்பவனும் தீர்ப்பவனோடு சேர்ந்தவன், அல்லது உதவுபவனோடு சேர்ந்தவன் என்று கொள்ளும்போதே அவனுக்கு அங்கே இடமுண்டாகும். டன்சினனிலும் ஹெரோவிலும் வாய் திறந்து நின்ற 480 பேருக்கும் உலகப் பல் மருத்துவம் கடன்பட்டிருக்கின்றது. அக்கடன் இன்னும் தமிழில் எழுதப்படவேயில்லை. அதனை எழுதத் தொடங்குவதும், நம் பங்கிற்குப் புதிய கடன் ஏற்படாது காப்பதும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவராகிய நமது பணியாகும்.